பிடியரிசியும் பள்ளியும்: விருதுநகர்க் கல்வி வரலாறு

மகமை என்னுஞ் சொல் நம் சங்கத்து அன்பர்களுக்குப் புதியதன்று. ஆயினும் அச்சொல்லினின்று ஒரு நகரத்தின் கல்விச்சாலைகள் எங்ஙனம் எழுந்தன என்பதை இளையோர் பலர் அறியார். ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

1923-ஆம் ஆண்டு வரை விருதுபட்டி என வழங்கிய ஊரே இன்றைய விருதுநகராம். ஆங்குப் பேட்டையிலே சரக்கு வாங்குவோரும் விற்போரும் வாணிகத்தில் ஒரு சிறுபகுதியைப் பொதுநிதிக்கு ஈந்தனர். உறவின்முறையார் அதனைக் கிணறு, சத்திரம், கோயில் ஆகிய பொதுப்பணிகட்குச் செலவிட்டனர். அந்நிதி பெருகவே, 1880-களில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றிற்று. வீடுதோறும் மாதர் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தனர். அப்பிடியரிசி திரட்டப்பெற்றுப் பள்ளிக்கு உதவிற்று. வாணிகர் கொடுத்தது ஊதியத்தின் பகுதி. தாய்மார் கொடுத்ததோ உணவின் பகுதி. இரண்டனுள் எது பெரிது என்பதை அன்பர்களே தீர்மானிக்க.

நிற்க. அக்காலத்தே நம்மவர்க்குப் பல கோயில் வாயில்கள் அடைபட்டிருந்தன. 1899-இல் சிவகாசிக் கலகம் நிகழ்ந்தது. கமுதிக் கோயில் வழக்கிலே 1908-இல் இலண்டன் பிரிவிகவுன்சிலும் நம்மவர்க்கு மாறாகவே தீர்ப்பளித்தது. அங்ஙனம் தடுக்கப்பட்டோர் தாம் கட்டிய பள்ளியின் வாயிலைப் பிறர்க்கு அடைத்தாரல்லர். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஆங்குப் பயின்றனர். நம் முன்னோர் பெருமையுள் இதனையே தலையாயதாகக் கொள்கின்றோம்.

அப்பள்ளியிற் பயின்றவருள் ஒருவர் காமராசர். இளமையிலே தந்தையை இழந்து, படிப்பை இடையில் நிறுத்தித் தாய்மாமன் துணிக்கடையில் அமர்ந்தவர், 1954-இல் சென்னை மாகாண முதலமைச்சரானார். 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் பள்ளிகட்குப் பொருளும் பணமும் வழங்கினர். ஓரூரின் பிடியரிசி நாடளாவிய அறமாயிற்று என்னலாம். விருதுநகரிலோ 1947-இல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், 1962-இல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும் எழுந்தன.

இவ்வளவில் நிறுத்தின் வரலாறு பாதியேயாம். 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவிலே தீப்பெட்டித் தொழில் பயின்று மீண்டு சிவகாசியை வளப்படுத்தினர். அத்தொழில் வறண்ட நிலத்தார் பல்லாயிரவர்க்குச் சோறிட்டது. ஆயினும் பல்லாண்டு காலம் தீக்குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறுகைகள் அழைக்கப்பட்டன. பொழுது விடியுமுன் சிற்றூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கன்றித் தொழிற்சாலைக்கு ஏகினர். 1986-இல் சட்டம் பிறந்தது. 1996-இல் உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல்வாழ்வு நிதிக்குச் செலுத்துமாறு தீர்ப்புரைத்தது. பிடியரிசியாற் பள்ளி கண்ட மக்கட்கு இதனை நீதிமன்றமோ நினைவூட்டல் வேண்டும்?

ஆதலின் அன்பர்காள், முன்னோர் கட்டிய கட்டடங்களைக் காட்டிப் பெருமை பேசுதல் மட்டும் போதாது. நம் கடையிலும் ஆலையிலும் உழைப்போர் எவ்வகுப்பினராயினும், அவர்தம் மக்கள் பள்ளி இறுதிவரை பயில்கின்றனரா என ஒவ்வொருவரும் வினவுக. புத்தகமோ கட்டணமோ குறையின் அதனை நிறைவு செய்க. மகமை என்பதன் பொருள் அதுவே.