குப்பையில் விளைந்த மருந்து

கள் புளிப்பதை நம் தோட்டப்புற மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சம்பள நாளில் கள்ளுக்கடை வாயிலிலே அழிந்த குடும்பங்கள் எத்தனை! ஆயினும் குற்றம் புளித்தலுடையதன்று. கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிர் சர்க்கரையை உண்டு மதுவாக்குகிறது. வேறோர் உயிர் அதே சர்க்கரையை உண்டு உயிர்காக்கும் மருந்தை ஈகிறது.

பெனிசிலினை 1928 இல் லண்டனில் பிளெமிங் கண்டார். ஆக்ஸ்போர்டில் பிளோரியும் செயினும் அதை மருந்தாக்கினர். ஆனால் போர்க்கால இங்கிலாந்தில் அதைப் பெருமளவில் செய்ய வழியில்லை. எனவே 1941 சூலையில் பிளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா சென்று, பியோரியா நகரிலிருந்த விவசாய இலாகாவின் ஆராய்ச்சிக் கூடத்தை அடைந்தனர். பண்ணை விளைச்சலின் மிச்சங்களுக்குப் பயன் தேடுவது அக்கூடத்தின் வேலை. மாவெடுக்கச் சோளத்தை ஊறவைத்த கழிவுநீரை அங்கே மோயர் என்பார் பூசணத்துக்கு ஊட்டினார். மருந்தின் அளவு பன்மடங்கு பெருகிற்று. சர்க்கரைக்குப் பாலின் சர்க்கரையைக் கொண்டார். காரணம் வியப்பானது. குளுக்கோசை வயிறார உண்ட பூசணம் கொழுத்து வளருமேயன்றி மருந்து சுரவாது. மெல்லச் செரிக்கும் பாற்சர்க்கரையால் அரைப்பசியோடு இருந்தால்தான் சுரக்கும். சிறந்த பூசணம் 1943 இல் அவ்வூர்ச் சந்தையில் வாங்கிய முலாம்பழத்தின் அழுகலில் கிடைத்தது!

இக்கதையின் அடுத்த ஏடு கோலாலம்பூரில் எழுதப்பட்டது. செம்பனைத் தோட்டங்களில் லாலாங் புல்லிடையே வேலை செய்தோரைக் கொன்ற உண்ணிக் காய்ச்சலை, காட்டு முனி அறைந்ததென்று சொல்லித் திருநீறு பூசியவர் உண்டு. புல்லில் வாழும் சிற்றுண்ணி கடிப்பதால் வரும் டைபஸ் அது என்பதை, 1900 இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் லூத்வெயிட்டும் ஸவூரும் பல்லாண்டு உழைத்துத் தெளிவாக்கினர். 1948 இல் ஸ்மேடல் குழுவினர் அமெரிக்காவிலிருந்து குளோரோமைசிட்டின் கொண்டுவந்து அவர்களோடு சேர்ந்து இங்குச் சோதித்தனர். வெனிசூலா மண்ணில் கிடைத்த நுண்ணுயிரைத் தொட்டியில் வளர்த்துப் பெற்ற மருந்து அது. காய்ச்சல் தணிந்தது. டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுத்தவருட் சிலருக்கு உண்மையில் டைபாய்டு இருந்தது, அவர்களும் தேறினர். டைபாய்டுக்கு மருந்து கண்ட ஊர் நம் கோலாலம்பூரே! மறு ஆண்டிலேயே மில்ட்ரெட் ரெப்ஸ்டாக் என்னும் பெண்மணி உள்ளிட்டோர் அம்மருந்தைப் புளித்தலின்றி ரசாயன முறையில் செய்துகாட்டினர். பெண்ணுக்கு அடுப்படி போதுமென்போர் கவனிக்க. பெனிசிலினோ இன்றளவும் தொட்டியிலேதான் பிறக்கிறது. ஆகவே சர்க்கரைக்குத் தேவை ஓயவில்லை.

அந்தச் சர்க்கரை நம் காலடியிலேயே கிடக்கிறது. சிலாங்கூரில் வாணிபச் செம்பனை 1917 இல் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. இன்று கிள்ளானை அடுத்த கேரித் தீவிலும் செம்பனையே. ஆலைக்குப் போகும் நூறு பங்கு குலையில் இருபதுக்கு மேற்பட்ட பங்கு, காய் உதிர்ந்த வெறுங்குலையாய்த் திரும்புகிறது. முன்பு அதை எரித்துச் சாம்பலை உரமாக்கினர். இப்போது பெரும்பாலும் மரங்களிடையே பரப்புகின்றனர். அதன் நாரில் பெரும்பகுதி பூட்டிவைத்த சர்க்கரை. அமிலமிட்டுக் கொதிக்கவைத்தால் பூட்டுத் திறக்கும். ஆனால் பர்பூரல் என்னும் நஞ்சும் உடன் பிறந்து பூசணத்தைத் தடுக்கும். மற்றொரு சாவியும் உண்டு. போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் கித்தான் கூடாரங்களை அரித்துத் தின்ற டிரைக்கோடெர்மா என்ற பூசணத்தின் நொதிப்பொருளே அது. அது நாரை நஞ்சின்றிக் குளுக்கோசாக்கும். குளுக்கோசைச் சொட்டுச் சொட்டாக ஊட்டிப் பூசணத்தை அரைப்பசியில் நிறுத்தும் வித்தையை ஆலைகள் எப்போதோ கற்றுவிட்டன. பாற்சர்க்கரை இனி வேண்டியதில்லை.

எஞ்சிய தடை செலவு. ஈரக் குலையை ஏற்றிச்செல்லும் லாரிக் கூலியும் நொதிப்பொருளின் விலையும், கரும்புப்பாகின் விலைக்குக் கீழே இறங்கவேண்டும். நைஜீரிய ஆய்வாளர் நிலக்கடலைத் தோட்டின்மேல் நுண்ணுயிரை நேரே வளர்த்து டெட்ராசைக்ளின் வகை மருந்தைப் பெற்றிருக்கின்றனர். அங்கே கடலைத் தோடு. இங்கே கேரித் தீவின் ஆலை வாயிலில் மழையில் நனைந்து ஆவி பறக்கும் குலைக்குவியல். அதன்மேலும் வெண்பூசணம் தானாகவே படர்ந்திருக்கக் காணலாம்.