விசைக்குப் பின்னால் மேகசின்: சிங்கப்பூர் எடுத்ததும் இந்தியா தயங்கியதும்

இன்சாஸ் துப்பாக்கியின் மொத்த நீளம் 960 மில்லிமீட்டர். அதில் குழல் 464. இஸ்ரேலின் தவோர் டிஏஆர்-21 மொத்தமே 720 மில்லிமீட்டர், குழல் 460. குழலில் வித்தியாசம் வெறும் 4 மில்லிமீட்டர். மொத்த நீளத்திலோ 240. ஓசூர் டூல் ரூமில் வெர்னியர் பிடித்துப் பழகிய எவரும் இந்த இரண்டு வரியைப் பார்த்ததும், நடுவில் 24 சென்டிமீட்டர் எங்கே போயிற்று என்றுதான் கேட்பார்.

எங்கும் போகவில்லை. சாதாரணத் துப்பாக்கியில் தோளில் வைத்துக்கொள்ளும் பட் சும்மா கிடக்கிறது. விசைக்கும் தோளுக்கும் இடையே ஒரு கை நீளம் வேண்டுமே என்பதற்காக மட்டும் இருக்கும் பாகம் அது. புல்பப் என்ற வகையில் தோட்டா வெடிக்கும் அறை, போல்ட், மேகசின் எல்லாவற்றையும் அந்தப் பட்டுக்குள் தள்ளிவிட்டு, விசையை முன்னால் கொண்டுவந்து விடுகிறார்கள். குழல் குறையாததால் தோட்டாவின் வேகமும் குறைவதில்லை. கையில் இருப்பது மட்டும் குட்டையாகிறது. காகிதத்தில் பார்த்தால் இதை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தெரியாது.

ஆனாலும் 'வாங்கலாமா?' என்ற கேள்வி இரண்டு நாடுகளின் முன் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தபோது இரண்டு விதமான பதில்கள் வந்தன. சிங்கப்பூர் 1999இல் எஸ்ஏஆர்-21 என்ற புல்பப்பை வெளியிட்டு, அதையே தன் படை முழுவதற்கும் கொடுத்தது. இந்தியா 2002இல் இஸ்ரேலுடன் ஒப்பந்தம் போட்டு 3,070 தவோர் துப்பாக்கிகளைச் சிறப்புப் படைகளுக்கு மட்டும் கேட்டது. இரண்டு இடத்திலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூரில் தமிழ் இளைஞர் பதினெட்டு வயதுக்கு மேல் இரண்டாண்டு தேசிய சேவைக்குப் போனால் கையில் கிடைப்பது எஸ்ஏஆர்-21. சாமல்பட்டியில் ரயில் ஏறி சிஆர்பிஎஃப் பயிற்சிக்குப் போன பையனுக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்தது இன்சாஸ். அதைச் செய்தவற்றுள் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் ஒன்று.

சிங்கப்பூரின் பழைய துப்பாக்கி எம்16எஸ்1. நீளம் 990 மில்லிமீட்டர், குழல் 508. எஸ்ஏஆர்-21க்கும் குழல் அதே 508. மொத்த நீளம் மட்டும் 805. அதே 1990களின் கடைசியில் அந்தப் படை பயோனிக்ஸ் என்ற கவச வண்டியையும் களத்துக்குக் கொண்டுவந்தது. அடுக்குமாடிகளும் சந்துகளும் நிறைந்த தீவு, காலாட்படை வண்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து போய்ப் பின்கதவு வழியே குதித்திறங்கும் முறை, பெரிய உடம்பில்லாத பையன்கள். இப்படிப்பட்ட இடத்தில் 18 சென்டிமீட்டர் மிச்சம் என்பது சின்ன லாபம் அல்ல.

இதைவிட எனக்குப் பிடித்தது, அவர்கள் புல்பப்பின் குறைகளை ஒளிக்காமல் ஒவ்வொன்றுக்கும் மருந்து தேடியிருப்பதுதான். புல்பப்பில் கன்னத்துக்கு நேர் கீழே தோட்டா வெடிக்கிறது. பழுதான தோட்டா ஒன்று உள்ளேயே சிதறினால் முகம் போயிற்று. அதற்காக எஸ்ஏஆர்-21இன் கன்னம் படும் பக்கத்தில் கெவ்லார் தகடு பதித்தார்கள். அழுத்தம் மிஞ்சினால் வாயு வேறு திசையில் வெளியேற ஒரு துளையும் விட்டார்கள். குட்டையான உடலில் முன், பின் குறிகளுக்கு இடையே தூரம் குறைந்து குறி பிசகும் என்பதால், தூக்கும் கைப்பிடிக்குள்ளேயே 1.5 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியை வைத்துவிட்டார்கள். லேசர் குறிகாட்டியும் உடம்போடு சேர்ந்தது. மேகசின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். எத்தனை தோட்டா மிச்சம் என்று கழற்றாமலே பார்க்கலாம். செய்தது அவர்களுடைய சொந்த நிறுவனமான சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ். குறை வந்தால் பக்கத்துத் தெருவில் போய்ச் சண்டை போடலாம் என்ற வசதி சிறியதல்ல.

இந்தியாவுக்கு அந்த வசதி இருக்கவில்லை. 2002 ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 88 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் துணைக்கருவிகளோடு ஒன்று ஏறத்தாழ 2.87 லட்சம். 2005 வாக்கில் வந்த முதல் சில நூறு துப்பாக்கிகள் களத்துக்குத் திருப்தியில்லை என்று அறிவிக்கப்பட்டன. உடலை ஒரே துண்டாக்கி, குறிக்கருவியை மாற்றி, 2006இல் இஸ்ரேலில் மறுபடி சோதித்த பிறகே மீதி வந்தது. அப்படி வந்ததைச் சிறப்புப் படைகள் விரும்பி வைத்துக்கொண்டன. தவோரின் இன்னும் குட்டையான வடிவமான எக்ஸ்-95 பிறகு சிஆர்பிஎஃப்பின் கோப்ரா கமாண்டோக்களின் கைக்கும் போனது. அதன் நீளம் 580 மில்லிமீட்டர்தான். சத்தீஸ்கர் புதர்க்காட்டில் குனிந்து நுழைகிறவருக்கு அந்த நீளம் என்ன பொருள் என்பதை நுழைந்தவரே சொல்ல வேண்டும்.

ஆனால் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் உள்ள தரைப்படைக்கு? அங்கேதான் தயக்கம். அதைச் சோம்பல் என்றோ பழமைப் பற்று என்றோ ஒதுக்கிவிட முடியாது என்பது என் எண்ணம்.

எங்கள் பக்கம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களில் பலருக்கு அடுத்த வேலை ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அப்படியொரு முன்னாள் ஹவில்தாரிடம் இந்தக் குட்டைத் துப்பாக்கியின் படத்தைக் காட்டினேன். அவர் படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மூலையில் சாத்தியிருந்த தடியை எடுத்துத் தோளில் வைத்தார். இடது கை கீழே வந்து, விசைக்கு ஒரு சாண் முன்னால் இல்லாத மேகசினைப் பிடித்து, முன்பக்கமாகச் சாய்த்துக் கழற்றியது. இடுப்பிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொக்கி மாட்டிப் பின்னுக்கு இழுத்தது. கண் கேட்டைத் தாண்டி ரோட்டிலேயே இருந்தது. பிறகு அதே தடியில் கையை அக்குளுக்கு அருகே கொண்டுபோனார். முழங்கை விலாவில் இடித்தது. கழுத்து தானாகக் கீழே திரும்பியது.

"இருட்டுல மேகசின் எங்க இருக்குன்னு என் கைக்குத் தெரியும் தம்பி. அதைக் கொண்டுபோய் அக்குள்ல வெச்சா, கை முதல்ல வெறும் காத்தைத்தான் புடிக்கும். அந்த ஒரு செகண்டு யாருக்குச் சொந்தம்?"

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதில் இருபது வருஷம் ஓட்டியவர் புது வண்டி ஏறினால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்து அழுத்துவது கியரைத்தான். புது வண்டியில் கோளாறு இல்லை, காலுக்குள் ஏறிய பழக்கம் அப்படி. சிங்கப்பூர்ப் பையன் கையில் முதல் துப்பாக்கியே எஸ்ஏஆர்-21. மறக்க வேண்டியது எதுவும் இல்லை. இரண்டாண்டில் கற்றதையே பிறகு ரிசர்விலும் கடைப்பிடிக்கிறான். இந்திய வீரர் எஸ்எல்ஆர், இன்சாஸ், ஏகே என்று மாறினாலும் விசை, மேகசின், பட் என்ற வரிசை மாறவே இல்லை. அந்த வரிசையைக் குலைப்பதற்கான பயிற்சித் தோட்டா, பயிற்சியாளர், காலம் ஆகியவை எந்த விலைப்பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. மூவாயிரம் கமாண்டோக்களுக்கு அந்தச் செலவு தாங்கும். அவர்கள் தினமும் சுடுகிறவர்கள்.

இடதுகைக்காரர் பிரச்சினையும் சேர்ந்தே வருகிறது. காலித் தோட்டா கன்னத்துக்குப் பக்கத்திலேயே வலப்புறமாகத் தெறிக்கும். இடது தோளில் வைத்துச் சுட்டால் நேரே முகத்தில் அடிக்கும். பிரிட்டனின் எஸ்ஏ80 வலது தோளுக்கு மட்டுமே. தவோரில் இரு பக்கமும் துவாரம் உண்டு. போல்ட்டை மாற்றிப் பொருத்தினால் இடதுகைக்காரரும் சுடலாம். ஆனால் அது பட்டறையில் செய்யும் வேலை, களத்தில் ஒருவர் துப்பாக்கியை இன்னொருவர் எடுத்துச் சுடும் நேரத்தில் உதவாது. விசையும் வெகுதூரத்தில் இருக்கிற பாகத்தை ஒரு கம்பி மூலம் இழுக்க வேண்டியிருப்பதால் கொழகொழவென்று இருக்கும் என்பது புல்பப் மீதான நிரந்தரப் புகார். கமாண்டோவுக்கு அது பெரிதில்லை. நூறு அடியில் சுடுகிறவருக்கு விசையின் நயம் எதற்கு?

சாதாரண வடிவம் என்றாலே குறையில்லாதது என்று இதற்குப் பொருள் இல்லை. இன்சாஸ் 1999 கார்கிலில் குளிரில் மேகசின் விரிசல்விட்டுப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. மூன்று தோட்டா முறையில் வைத்தால் தானாகத் தொடர்ந்து சுட்டது, எண்ணெய் கண்ணில் தெறித்தது என்ற புகார்களும் வந்தன. 2005இல் நேபாள ராணுவம் காலிகோட்டில் 43 வீரர்களை இழந்தபோது பழி இன்சாஸ் மீதும் விழுந்தது. ஆனால் இந்தக் குறைகளில் ஒன்றுகூட வடிவத்தால் வந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக்கின் தரம், பாகங்களின் நுணுக்கம், சோதனையின் கண்டிப்பு ஆகியவற்றால் வந்தவை. 1985இல் வந்த எஸ்ஏ80 புல்பப்தான். அதுவும் முதல் பதினைந்து வருஷம் மானத்தை வாங்கி, கடைசியில் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் பிரித்து மாட்டிய பிறகே சரியானது. மோசமாகச் செய்தால் இரண்டு வடிவமும் சிக்கும். இன்சாஸால் சலித்துப்போய் "எல்லாருக்கும் தவோர் கொடுங்கள்" என்று கேட்டவர்கள் இந்த இடத்தில்தான் நோயை மாற்றிப் பிடித்தார்கள்.

பெரும்படைக்குப் புல்பப் விலைபோகாது என்பது தவோரைச் செய்யும் இஸ்ரேல் நிறுவனமான ஐடபிள்யூஐக்கே தெரிந்திருக்கிறது. 2011இல் இந்தியத் தரைப்படை பல தோட்டா அளவுகளுக்கு மாற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு டெண்டர் விட்டபோது அந்த நிறுவனம் கொண்டுவந்தது தவோரை அல்ல, வழக்கமான வடிவமுள்ள ஏஸ் துப்பாக்கியை. அந்த டெண்டர் 2015இல் ரத்தானது வேறு கதை. அதன்பின் முப்படைகளுக்கும் சேர்த்து வாங்கியது 2019இல் அமெரிக்க சிக்716, 72,400. 2021 டிசம்பரில் உள்நாட்டுக் கோர்வா ஆலையில் செய்ய ஏகே-203, 6,01,427. பின்னது 5,000 கோடிக்கு மேல். ஒன்று 85 ஆயிரம் ரூபாய் அளவில் வருகிறது. இரண்டும் பழைய வரிசைதான்.

மற்ற நாடுகளின் கணக்கும் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்கிறது. 1970களின் கடைசியில் ஃபமாஸ் புல்பப்பை எடுத்த பிரான்ஸ் 2016இல் அதைவிட்டு எச்கே416க்கு மாறியது. சீனா க்யூபிஇசட்-95 என்ற புல்பப்பைப் பெரும்படைக்கே கொடுத்துப் பார்த்து, 2019இல் வழக்கமான க்யூபிஇசட்-191ஐ அணிவகுப்பில் காட்டியது. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் புல்பப்பை வைத்திருந்த மலேசியா எம்4க்குப் போனது, நியூசிலாந்தும் விட்டது. ஆஸ்திரேலியாவோ அதைப் பிடிவாதமாக வைத்திருக்கிறது.

உள்ளூரில் இன்னொரு கேள்வியும் வரும்: பணம் இருந்தால் நாமே ஒன்று வாங்க முடியுமா? முடியாது. தொடர்ந்து சுடும் ஆயுதம் 1959 ஆயுதச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. கலெக்டர் உரிமம் தரும் வகையே அல்ல. உரிமம் கிடைப்பது பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் போன்றவற்றுக்குத்தான். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. தேர்தல் அறிவித்தால் அதையும் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும்.

வாங்க முடியாவிட்டாலும் செய்ய முடியும் என்ற பேச்சு இப்போது இருக்கிறது. 2018 பட்ஜெட்டில் அறிவித்து 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிய பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் ஓசூரும் ஒன்று. தவோர் வகையை இந்தியாவில் செய்கிற ஆலை குவாலியர் பக்கம் மாலன்பூரில் 2017இலேயே வந்துவிட்டது; நம் அரசுத் தொழிற்சாலைகள் ஜிட்டாரா என்ற பெயரில் தவோரின் உருவில் செய்து காட்டியது மட்டும் எங்கும் பெரிதாக எடுபடவில்லை. ஸ்ப்ரிங், வார்ப்பு, சிஎன்சி வேலை பார்க்கும் எங்கள் சிறு பட்டறைகளுக்கு ஆர்டர் வருகிறது என்றால், மூவாயிரம் எண்ணிக்கையில் வருவதா ஆறு லட்சத்தில் வருவதா என்பதே வாழ்வும் சாவும். அந்த வகையில் அவர்களுக்கும் புல்பப் ஆகாது.

என்னைக் கேட்டால் 2002இல் இந்தியா எடுத்த எண்ணிக்கை, ஏறக்குறைய சரியான எண்ணிக்கை. ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குகிறவருக்கும் வீட்டுக்குள் அறை அறையாக நுழைகிறவருக்கும் வாங்கு. எல்லையில் எட்டு மணி நேரம் நிற்கிறவருக்கு வாங்காதே. சிங்கப்பூர் எடுத்ததும் சரிதான், ஏனென்றால் அவர்கள் துப்பாக்கியை மட்டும் மாற்றவில்லை, அதை முதலில் தொடும் கையையும் ஆண்டுதோறும் புதிதாகப் பெறுகிறார்கள். 2018இல் அவர்கள் காட்டிய அடுத்த துப்பாக்கியான பிஆர்18உம் புல்பப்தான். தவோரைச் செய்த ஐடபிள்யூஐ 2019இல் வெளியிட்ட கார்மெல், அராட் இரண்டிலும் மேகசின் விசைக்கு முன்னால் வந்துவிட்டது.