கேட்கப்படாத கருத்து

1971 செப்டம்பர் 28 அன்று ஆர்லிங்டன் ஹைட்ஸ் ஊரின் நிர்வாக மன்றம் ஒரு மனுவை 6-க்கு 1 என்ற வாக்கில் நிராகரித்தது. சிகாகோ மையப் பகுதியிலிருந்து வடமேற்கே சுமார் 26 மைல் தொலைவில் உள்ள புறநகர் அது. 15 ஏக்கர் நிலத்தின் மண்டல வகையை மாற்றித் தரும்படி மனு கேட்டது. குறைந்த, நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்கு 190 வீடுகள் கட்ட அந்த நிலம் தேவைப்பட்டது. வாக்கு எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கிறது. அந்த ஆறு பேரின் மனத்தில் என்ன இருந்தது என்பது எங்கும் எழுதப்படவில்லை. அதைத் தேடி நீதிமன்றங்கள் சென்ற வழி தீர்ப்புகளிலும் அடிக்குறிப்புகளிலும் தங்கியிருக்கிறது. அந்த வழியே ஒவ்வொரு தடயமாக எடுத்து எடைபோட்டுப் பார்த்தேன்.

சில சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று ஊராட்சி வகுப்பதே மண்டல விதி. வகையை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு மனைக்கு மட்டும் விதியைத் தளர்த்துவது விதிவிலக்கு. வகையையே மாற்றுவது மண்டல மாற்றம். இந்த மனு கேட்டது மண்டல மாற்றத்தை. தனிக்குடும்ப வீடுகளுக்கான ‘ஆர்-3’ நிலம், பல குடும்பக் குடியிருப்புக்கான ‘ஆர்-5’ ஆக வேண்டும்.

நிலம் புனித வியாட்டர் துறவியர் சபைக்குச் சொந்தமானது. அவர்களுடைய 80 ஏக்கரில் ஓர் உயர்நிலைப்பள்ளியும் துறவுப் பயிற்சி இல்லமும் இருந்தன. பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. அதில் ஒரு பகுதியை எளியோர் வீடுகளுக்குத் தர 1970-இல் சபை முடிவு செய்தது. 1968-இல் தொடங்கப்பட்ட மெட்ரோபாலிட்டன் ஹவுசிங் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கும், 3 லட்சம் டாலர் என்ற குறைந்த விலையில் வாங்குவதற்கும் உடன்பாடு செய்துகொண்டது. ஆனால் மண்டல அனுமதியும் கூட்டரசின் கடன் வட்டி மானியமும் கிடைக்காவிட்டால் உடன்பாடு காலாவதியாகிவிடும். ‘லிங்கன் கிரீன்’ என்று பெயரிடப்பட்ட திட்டத்தில் 20 இரண்டு மாடிக் கட்டடங்கள். அவற்றில் 100 வீடுகள் ஒரே படுக்கையறை கொண்டவை, பெரும்பாலும் முதியோர் நாடி வருவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டவை.

முதல் தடயம் மக்கள்தொகைக் கணக்கு. 1970 கணக்கெடுப்பின்படி ஊரில் சுமார் 64,000 பேர். அவர்களில் கறுப்பின மக்கள் 27 பேர். கூட்டரசு மானியம் பெறும் குடியிருப்பில் எல்லா இனத்தவரும் கலந்து வாழ வழிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆகவே மண்டல மாற்றத்தை ஏற்றால் ஊரின் தோற்றம் மாறும் என்பது மன்றத்தில் இருந்த எவருக்கும் தெரியாமல் இருந்திருக்க முடியாது. இது வலுவான தடயம். ஆனால் விளைவை அறிந்திருப்பது ஒன்று, அந்த விளைவைத் தடுக்கவே வாக்களிப்பது வேறு. இந்தக் கணக்கு முதலாவதை மட்டுமே காட்டுகிறது.

அடுத்து, மனுவை முதலில் ஆராய்ந்து மன்றத்துக்குப் பரிந்துரை தந்த திட்டக் குழுவின் கூட்டக் குறிப்புகள். மூன்று பொதுக்கூட்டங்கள் நடந்தன, பெருங்கூட்டம் திரண்டது. எதிர்ப்பு உரத்து ஒலித்தது, ஆதரவாகவும் பலர் பேசினார்கள். சிலர் ‘சமூகப் பிரச்சினை’ என்ற பெயரில், இன ஒருங்கிணைப்புக்கு வழிவகுக்கும் வீடுகள் இந்த இடத்தில் வேண்டுமா என்று விவாதித்தார்கள். ஆனால் குழு உறுப்பினர்களின் பேச்சு அநேகமாக முழுவதும் மண்டல விதியைப் பற்றியதாகவே பதிவாகியிருக்கிறது. கூட்டத்தின் குரலை உறுப்பினரின் நோக்கமாகக் கொள்ளலாமா? கூடாது. கூட்டத்தின் குரல் உறுப்பினரின் காதில் விழவே இல்லை என்று கொள்ளலாமா? அதுவும் கூடாது.

மூன்றாவது தடயம் ஊராட்சிக்குச் சாதகமானது. ஆர்-5 குடியிருப்புகள், தனி வீடுகளுக்கும் கடைத்தெரு அல்லது தொழிற்சாலைப் பகுதிக்கும் நடுவே இடைவரம்பாக அமைய வேண்டும் என்பது 1962-இல் ஏற்கப்பட்டு 1970-இல் திருத்தப்பட்ட கொள்கை. லிங்கன் கிரீனைச் சுற்றி 1959 முதலே எல்லாம் ஆர்-3. அதை நம்பி வீடு வாங்கியவர்கள் இருந்தார்கள். கொள்கைக்குத் திருத்தம் வந்த ஆண்டும் சபை முடிவெடுத்த ஆண்டும் ஒன்றாக இருப்பது கண்ணில் படுகிறது. ஆயினும் தேதிகள் பொருந்துவது மட்டும் சான்றாகாது. கொள்கையின் வேர் எட்டு ஆண்டுகள் முந்தையது. மேலும், முதல் கூட்டத்தில் எழுந்த கேள்விகளுக்கு விடை தர மனுதாரருக்கு வாய்ப்பளிப்பதும் ஒரு காரணமாகக் குழு இரண்டு கூட்டங்களைக் கூடுதலாக வைத்தது. கதவை அடைத்துவிட்டவர்களின் நடத்தை இதுவல்ல என்று ஊராட்சி வாதிட இடமிருந்தது. குழுவிலும் ஒருமனம் இல்லை. மனுவை ஏற்பதே நல்ல மண்டல முடிவு என்று இருவர் மாற்று அறிக்கை தந்தார்கள்.

1972-இல் இனப் பாகுபாடு என்று கூறி அந்த வீட்டுவசதி நிறுவனம் ஊராட்சிமீது வழக்கு தொடுத்தது. சொத்து மதிப்பையும் மண்டலத் திட்டத்தையும் காப்பதே நோக்கம் என்று 1974-இல் மாவட்ட நீதிமன்றம் முடிவு செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1975-இல் அந்த நோக்கத்தை மறுக்கவில்லை. ஆனால் வரலாற்றுப் பின்னணியையும் விளைவையும் வைத்துத் தீர்ப்பைப் புரட்டியது. 1976-இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், விளைவு மட்டும் அரசமைப்புச் சட்ட மீறலை நிறுவாது, நோக்கமும் வேண்டும் என்றது. தேடல் மீண்டும் ஆறு பேரின் மனத்துக்கே திரும்பியது.

1977 ஜனவரி 11 அன்று இந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்காக நீதிபதி லூயிஸ் பவல் எழுதிய தீர்ப்பை ஆவண ஆய்வாளருக்கான கையேடாகவே படிக்கலாம். நோக்கத்தை எங்கே தேடுவது? முடிவின் வரலாற்றுப் பின்னணியில். அதற்கு முன் நடந்தவற்றின் வரிசையில். வழக்கமான நடைமுறையிலிருந்து விலகிய இடங்களில். வழக்கமாக முக்கியமென்று கருதப்படும் காரணங்களுக்கு எதிராக முடிவு அமைந்ததா என்பதில். கூட்டக் குறிப்புகள், அறிக்கைகள், உறுப்பினர் கூற்றுகளில். இந்த அளவுகோல்களால் அளந்தபின் நோக்கம் நிறுவப்படவில்லை என்று அந்த நீதிமன்றம் சொன்னது. வாக்களித்தபோது மனத்தில் இருந்ததைப் பற்றி மன்றத்தினரிடம் கேட்க விசாரணையில் அனுமதி இல்லை. அவர்கள் முன் இருந்த தகவல்களைப் பற்றி மட்டும் கேட்கலாம். சாட்சிக் கூண்டில் ஏறிய ஒரே மன்ற உறுப்பினரின் வாக்குமூலத்திலும் தீய நோக்கம் தென்படவில்லை.

இத்தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில்தான் என் கவனம் மிகுதியும் நின்றது. மண்டல விவகாரங்களைக் கவனிப்பதையே முதன்மைப் பணியாகக் கொண்ட திட்ட அலுவலர் ஒருவர் ஊராட்சியில் இருந்தார். இந்த மனுவைப் பற்றி அவருடைய கருத்து எழுத்திலோ வாய்மொழியிலோ கேட்கப்படவே இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மை இது. விசித்திரமாகத்தான் தோன்றுகிறது என்று நீதிமன்றமே குறிப்பிட்டது; ஆனாலும் அதைத் தடயமாக ஏற்கவில்லை. மற்ற மனுக்களில் அவர் வழக்கமாக என்ன பங்காற்றினார் என்பதை வழக்குத் தொடுத்தவர்கள் விசாரணையில் நிறுவவில்லை. முந்தைய மண்டல மனுக்களின் கோப்புகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் அவரது குறிப்பு இருந்தது என்று காட்டியிருந்தால் இந்த ஒரு கோப்பின் வெறுமை பேசியிருக்கும். அப்படிக் காட்டாதபோது, அது வெறுமையா வழக்கமா என்று எவராலும் சொல்ல இயலாது.

வழக்கு அத்துடன் முடியவில்லை. 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டத்தின்படி பார்க்குமாறு அது கீழே அனுப்பப்பட்டது. அதே 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தச் சட்டத்தின் கீழ் நோக்கம் நிறுவப்படாவிட்டாலும் சில சூழல்களில் விளைவே போதும் என்றது. உரிய மண்டலத்தில், மானிய வீடுகளுக்கு ஏற்ற வேறு நிலம் ஊருக்குள் உண்டா என்பதே இப்போது கேள்வி. இதற்கு வரைபடத்தையும் நிலவிலையையும் கொண்டு விடை காணலாம். எவருடைய மனத்தையும் திறக்க வேண்டியதில்லை. கட்சிக்காரர்கள் சமரசத்துக்கு வந்தார்கள். ஆர்லிங்டன் ஹைட்ஸுக்கும் மவுன்ட் பிராஸ்பெக்டுக்கும் இடையே இருந்த நிலத்தை இணைத்து, வீடுகளுக்கு ஏற்ப வகைப்படுத்த ஊராட்சி ஒப்புக்கொண்டது. பக்கத்து ஊர் எதிர்த்தும் 1980-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே ‘லிண்டன் பிளேஸ்’ என்ற பெயரில் 190 வீடுகள் எழுந்தன. நியாய வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் விளைவை வைத்து வழக்காடலாம் என்பதை 2015-இல் உச்ச நீதிமன்றமும் 5-க்கு 4 என்ற வாக்கில் ஏற்றது.

ஆறு பேரும் இனவெறியால் வாக்களித்தார்கள் என்று இந்த ஆவணங்களைக் கொண்டு நான் எழுத முடியாது. அப்படி எதுவும் இல்லை என்றும் எழுத முடியாது. என்னால் சொல்ல முடிவது இதுதான்: ஓர் உள்ளாட்சி ஒவ்வொரு மனுவிலும் யாரைக் கேட்டது, என்ன விடை வந்தது என்று பதிவு செய்யும்போதுதான், கேட்காமல் விட்ட ஒரு சமயம் சான்றாக மாறும். வீட்டுக்காகப் போராடுபவர்கள் தங்கள் கோப்பை மட்டும் படித்தால் போதாது. அதற்கு முன்னே நகர்ந்த எல்லாக் கோப்புகளையும் படிக்க வேண்டும்.