பாழ்

பேச்சில் எரிச்சலாக வந்துவிழும் ‘பாழாய்ப்போன’ என்ற சொல்லின் வேர் பழைய திராவிட வேர். கன்னடத்தில் ‘ஹாளு’, தெலுங்கில் ‘பாடு’. வெறுமை, அழிவு இரண்டும் தமிழில் ‘பாழ்’தான்.

தமிழ் விவிலியத்தில் எரேமியா, எசேக்கியேல் நூல்களில் இச்சொல் திரும்பத் திரும்ப வரும். எபிரேய மூலத்தில் அது பெரும்பாலும் ‘ஷெமாமா’. அதன் வேருக்கு இன்னொரு பொருளும் உண்டு: திகைத்து உறைதல். நிலம் பாழாகிறது, பார்ப்பவர் பேச்சற்று நிற்கிறார். இரண்டையும் ஒரே வேர் சுமப்பது அபாரமானது. பாபிலோனியர் எருசலேமை இடித்ததைத் தீர்க்கதரிசிகள் வெறும் படைத்தோல்வியாகக் காணவில்லை, கடவுளின் தீர்ப்பாகவே கண்டார்கள்.

திருச்சி வட்டாரத்துக்கு இந்த எண்ணம் புதிதல்ல. மலைக்கோட்டைக்கு மேற்கே உறையூர், சோழர் பழந்தலைநகர். சாரமாமுனிவரின் நந்தவனத்துச் செவ்வந்தி மலர்கள் களவாகி அரண்மனைக்குப் போயின, முனிவர் முறையிட்டும் அரசன் கேட்கவில்லை, மலைக்கோட்டை ஈசன் தாயுமானவர் சினந்து மேற்கே திரும்ப, மண்மாரி பெய்து உறையூர் பாழானது என்கிறது தலபுராணம். குற்றம் அரசனுடையது, புதைந்தது ஊர். எரேமியாவிலும் பாழ் தீர்ப்பாகவே வருகிறது.

தாயுமானவர் சன்னதி இன்றும் மேற்கு நோக்கியே இருக்கிறது. அந்த மண்மாரியில் வீடிழந்தவர்களுக்காக என்பார்கள், உறையூர் வெக்காளியம்மன் கருவறைக்கு இன்றும் கூரை இல்லை.