இரண்டு வாளிகள்

காலேஜில் லாஸ் ஏஞ்சல்ஸ் கால்வாயைப் பற்றிப் படித்து அசந்துபோயிருக்கிறேன். சுமார் 375 கிலோமீட்டர் நீளம், ஒரு பம்புகூடக் கிடையாது. சரிவை மட்டும் நம்பி, ஓவன்ஸ் ஆற்றைப் பாலைவனம் தாண்டி நகரத்துக்குக் கொண்டுபோனார் வில்லியம் முல்ஹாலண்ட். வேலை முடிந்தது 1913இல். அந்த ஆற்றில் யாரெல்லாம் வாழ்ந்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோணவே இல்லை.

ஓவன்ஸ் பப்ஃபிஷ் வாழ்ந்தது. ஐந்து சென்டிமீட்டர் மீன். ஒன்றையொன்று நாய்க்குட்டிபோலத் துரத்தி விளையாடுவதால் அந்தப் பெயர். பையூட் பழங்குடியினர் அதைக் கூடைகூடையாக அள்ளிக் காயவைத்துக் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்தார்கள். அவ்வளவு இருந்தது. ஆறு போனதும் கரையோரத்து ஆழமில்லாத குட்டைகளும் போயின. மிச்சமிருந்ததை, தூண்டில்காரர்களுக்காகக் கொண்டுவந்து விட்ட பாஸ் மீன்கள் தின்றன. 1948இல் ராபர்ட் ரஷ் மில்லர் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, மீனே அழிந்துபோயிருக்கும் என்றுதான் நினைத்தார்கள்.

1964இல் பிஷப் ஊருக்குப் பக்கத்தில், ஃபிஷ் ஸ்லூ என்ற சதுப்பில் அது மறுபடியும் அகப்பட்டது. தேடிப்போன மூவரில் ஒருவர் ஃபில் பிஸ்டர், மாநில மீன்வளத் துறை உயிரியலாளர். அதுவரை அவருடைய வேலை பெரும்பாலும் தூண்டில்காரர்களுக்கு டிரவுட் மீன் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வதுதான்.

1969 ஆகஸ்ட். அந்தக் குட்டை வற்றுகிறது என்று தகவல் வந்தது. பிஸ்டரும் சகாக்களும் ஓடிப்போய், சுமார் 800 மீன்களைப் பிடித்து, ஓடும் நீரில் வலைக்கூண்டுகளில் வைத்தார்கள். மற்றவர்கள் சாப்பிடக் கிளம்பினார்கள். பிஸ்டர் மட்டும் சும்மா ஒருமுறை எட்டிப் பார்த்தார். கூண்டுக்குள் நீரோட்டம் போதவில்லை, மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. உயிரோடிருந்தவற்றை இரண்டு வாளிகளில் அள்ளி, இருட்டும் நேரத்தில் சதுப்பு வழியே நடந்தார். கால் இடறியிருந்தால் ஓர் இனமே முடிந்திருக்கும்.

பேக்கப் இல்லாத டேட்டாபேஸில் கைவைக்கும்போதே எனக்கு விரல் நடுங்கும். அதில் போவது வெறும் தரவு.

இந்த மீனால் என்ன பயன் என்று பிஸ்டரிடம் கேட்பார்களாம். உங்களால் என்ன பயன் என்று அவர் திருப்பிக் கேட்பாராம். சரியான பதில்தான். ஆனாலும் வாளியில் இருந்த மீனை விட அவருக்கு நல்ல தண்ணீர் வேண்டியிருந்தது. அதை எந்தப் பதிலும் கொடுத்துவிடாது.

பிஸ்டர் 2023இல் இறந்தார். மீன் இன்னும் அழியும் ஆபத்துப் பட்டியலில்தான் இருக்கிறது. சில குளங்களில், பாஸ் நுழையாமல், நாணல் மூடாமல் யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அது பிழைக்கும்.