எழுதினோர்க்கு உரிய ஊதியம்: ஒரு வரலாற்று நோக்கு

நூலொன்று தோன்றுதற்கு அதனை இயற்றுவோர் வேண்டும். தோன்றிய நூல் நிலைத்தற்குப் படியெடுப்போர் வேண்டும். முன்னவர் நலிந்தால் நூல் பிறவாது. பின்னவர் இல்லையேல் பிறந்த நூல் அழியும். கைத்தொலைபேசியின் துணைகொண்டு முழுநூலையும் சில நொடிகளிற் படியெடுத்துப் பலர்க்கு அனுப்பக்கூடிய இக்காலத்திற் படியெடுப்போர்க்குக் குறைவில்லை. இயற்றியவர்க்கு உரிய ஊதியம் யாது, அதனை அளித்தற்குக் கடமைப்பட்டோர் யாவர் என்பனவே இன்றைய வினாக்கள். இவற்றுக்கு விடை காணுமுன் நம் முன்னோர் சென்ற வழியை நோக்குதல் பயனுடைத்து.

ஏட்டுச்சுவடிக் காலத்திற் படியெடுத்தல் களவாகக் கருதப்படவில்லை. செல்லரிப்பாலும் ஈரத்தாலும் அழியுந் தன்மையது பனையோலை; புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினாலன்றி நூல் நிலையாது. ஆதலின் அஃது அறமாகவே கொள்ளப்பட்டது. புலவன் தன் வாழ்வுக்கு ஏட்டின் விலையை நம்பியிருந்தானல்லன்; புரவலன் ஈந்த பரிசிலையே நம்பியிருந்தான். பரிசில் ஒருவர் கொடுக்க, பாடல் எல்லார்க்கும் உரியதாயிற்று.

அச்சியந்திரம் வந்தபின் இந்நிலை மாறிற்று. ஆறுமுக நாவலர் (1822–1879) வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவி நூல்களை வெளியிட்டார். சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அன்பர் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். புரவலன் ஒருவனுடைய இடத்தைக் கையொப்பக்காரர் பலர் சேர்ந்து நிரப்பினர் எனலாம்.

சட்டமும் இத்துறையிற் புகுந்தது. இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த சட்டம் நூலாசிரியர்க்குக் குறித்ததொரு காலத்துக்கு உரிமை வழங்கிற்று. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நூலாசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் அவ்வுரிமை நிற்குமென விதிக்கின்றது. இவ்விதியின் நோக்கம் இரண்டு: எழுதியவரும் அவர்தம் குடும்பத்தாரும் பயன்பெறல் வேண்டும், அதன்பின் நூல் உலகினர்க்கு உரியதாதல் வேண்டும்.

இவ்விரு நோக்கமும் ஒருங்கே நிறைவேறக்கூடும் என்பதற்குச் சுப்பிரமணிய பாரதியார் நூல்களின் வரலாறே தக்க சான்று. 1921இற் பாரதியார் மறைந்தபின் அவர்தம் நூல்களின் உரிமை, குடும்பத்தாரிடமிருந்து பாரதி பிரசுராலயத்துக்குச் சென்றது. பாடல்களை இசைத்தட்டிற் பதியும் உரிமை தனியே கைமாறி, ஈற்றில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது. டி. கே. எஸ். சகோதரர் 1948இல் வெளியிட்ட ‘பில்ஹணன்’ படத்திற் பாரதி பாடலைச் சேர்த்தமை பற்றி வழக்கு மூண்டது. நாட்டுக்காகப் பாடிய கவிஞனின் பாடலுக்கு ஒருவர் தனியுரிமை கொண்டாடலாமோ எனத் தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளர்ந்தது. 1949இற் சென்னை அரசாங்கம் உரிமையைத் தன்வயப்படுத்தியது. மெய்யப்பச் செட்டியார் தமது உரிமையைப் பணம் பெறாதே விட்டுக்கொடுத்தார். 1950களின் நடுப்பகுதியில் அந்நூல்கள் எல்லார்க்கும் உரியனவாயின. எனினும் அரசாங்கம் வெறுங்கையுடன் உரிமையைப் பெற்றதன்று. பாரதியாரின் துணைவியார் செல்லம்மாளுக்கும் புதல்வியர் இருவர்க்கும் பணம் வழங்கியது. விலையின்றிப் படிக்கும் உரிமையை மக்களுக்கு ஈந்தபோதும், அதன் விலையை யாரோ ஒருவர் செலுத்தவேண்டியிருந்தது. ஆயின் அது செலுத்தப்பட்ட காலத்திற் கவிஞர் மறைந்து 28 ஆண்டுகள் கழிந்துவிட்டன. குறை அதுவே.

இனி, எண்ணிமப் படியின் நன்மையை ஈழத்தவர் எவரும் மறுத்தல் இயலாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2009இல் முடிவுற்ற போரின் இடப்பெயர்வுகளில் வன்னி மக்கள் வீட்டோடு ஏட்டையும் இழந்தனர். 1998ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் செய்துவரும் பணி, முன்னாளில் ஏடு பெயர்த்தெழுதியோர் செய்த அறத்தின் தொடர்ச்சியேயாகும்.

ஆயின் எல்லா நூலும் ஒருதன்மையன அல்ல. ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த செய்தியை வென்றவர் வாய்மொழியாகக் கூறிற்று. வன்னி மாவட்டங்கள் பற்றி 1895இல் விரிவான கைந்நூல் வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் அரசாங்க உத்தியோகத்தர். அரசாங்கச் சம்பளம் பெற்றவர். அந்நூலின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. அதனைப் படியெடுப்பதால் எவர்க்கும் நட்டமில்லை. மறுபுறத்தில், பண்டாரவன்னியனை நாடகமாக்கிய முல்லைமணியும், தண்ணிமுறிப்புக் காட்டு வாழ்வை 1973இல் ‘நிலக்கிளி’ நாவலில் வடித்த அ. பாலமனோகரனும் வன்னியின் கதையை வன்னியிலிருந்தே கூறினர். இத்தகையோர்க்குச் சம்பளம் தந்து எழுதுவித்தவர் எவருமிலர். இன்றும் நம்மவர் நூல்களிற் பல ஆசிரியரின் கைப்பணத்திலேயே அச்சேறுகின்றன. வெளியீட்டு விழாவிற் சிறப்புப்பிரதி பெறுவோர் உறையிலிட்டு அளிக்கும் அன்பளிப்பே அச்சுக்கூலியை ஈடுசெய்கின்றது. இது பழைய கையொப்ப முறையின் எச்சமே. விழா முடிந்த மறுவாரமே நூல் முழுவதும் தொலைபேசிகளில் இலவசமாக உலவுமாயின், எஞ்சிய பிரதிகள் ஆசிரியர் வீட்டுப் பெட்டியிலேயே கிடக்கும். அடுத்த நூலும் எழுதப்படாது. அப்பொழுது வன்னியின் வரலாற்றுக்கு லூயிஸின் நூலும் டிறிபேர்க்கின் கல்லுமே சான்றாக நிற்கும்.

மாற்றுவழி இல்லாமலில்லை. பாலமனோகரன் பின்னாளிற் குடியேறிய டென்மார்க்கே, நூலகங்களிலுள்ள நூல்களுக்காக எழுத்தாளர்க்கு அரசாங்கம் பணம் செலுத்தும் சட்டத்தை 1946இல் முதன்முதலாக இயற்றிய நாடு. பிரித்தானியா 1979இல் அவ்வழி சென்றது. ஆங்கு வாசகர் இலவசமாகவே படிக்கின்றார், எழுத்தாளரும் வெறுங்கையராவதில்லை. அத்தகைய சட்டம் ஈண்டு வருங்காறும் பாடசாலைகளும், பழைய மாணவர் சங்கங்களும், புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்களும் அக்கடமையை ஏற்றல் கூடும். உயிரோடிருக்கும் ஆசிரியரின் நூலை எண்ணிமமாக்க விரும்புவோர் அவர்தம் இசைவைப் பெறுக. அவர்க்கொரு தொகையை முன்னரே அளிக்க. அதன்பின் நூலை எல்லார்க்கும் திறந்துவிடுக.

பரிசில் ஈந்தபின் பாடலை ஊர்முழுதும் பாடவிட்டதே பண்டைப் புரவலர் நெறி. பாடலை மட்டும் பெற்றுப் பரிசிலை மறத்தல் அந்நெறியன்று.