சந்திரனிற் கண்ட செம்மஞ்சள் மண்

வரலாறென்பது அரசரும் போரும் மாத்திரமன்று. மண்ணுக்கும் வரலாறு உண்டு. சந்திரனிலே 'ஷோட்டி' என வழங்கும் சிறு குழி இதற்குத் தக்க சான்றாகும்.

இக்குழியின் குறுக்களவு ஏறத்தாழ 110 மீற்றர். சந்திரனின் பெருங்குழிகளோடு ஒப்பிடின் இது மிகச் சிறிது. எனினும் மேலிருந்து எடுத்த படங்களில் இதனைச் சூழக் கருமை படர்ந்திருந்தமையால், இஃது எரிமலை வாயாகலாமென அறிஞர் ஐயுற்றனர். 1972 ஆம் ஆண்டு டிசம்பரில், அப்பலோ 17 பயணத்திற் சென்ற யூஜின் சேர்னனும் ஹரிசன் சிமிற்றும் இதன் விளிம்பை அடைந்தனர். சந்திரனில் நடந்தோருள் புவிச்சரிதவியலைத் தொழிலாகக் கொண்டவர் சிமிற் ஒருவரே. சாம்பல் நிறமே பரந்த அந்நிலத்தில், அவர் காலடி பட்ட இடத்திற் செம்மஞ்சள் மண் தோன்றிற்று! அண்மைக் காலத்தில் எரிமலை ஆவி வெளிப்பட்டதன் அடையாளமோ இது என்ற எண்ணம் உடனே எழுந்தது.

ஆனால் அங்கு நெடுநேரம் தங்க இயலவில்லை. ஊர்தி பழுதுற்றால் கலத்துக்கு நடந்தே மீளவேண்டும், மூச்சுக்காற்றோ அளவானது. கிடைத்த சிறு பொழுதில் அவர்கள் மண்ணை அகழ்ந்தெடுத்தனர். குழாயை நிலத்தில் அறைந்து, அடுக்குக் குலையாமலும் எடுத்தனர்.

பூமியில் நடந்த ஆய்வு முதலெண்ணத்தை மாற்றிற்று. அம்மண் நுண்ணிய கண்ணாடி மணிகளின் திரள். ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன், எரிமலைக் குழம்பு நெருப்பூற்றாய்ப் பீறிட்டுத் துளிகளாய் உறைந்தமையால் அவை உண்டாயின. பின்னர் அவை புதையுண்டு கிடந்தன. மிகப் பிற்காலத்தில் விண்கல்லொன்று மோதியபோதே குழி தோன்றிற்று. புதைந்த மண்ணும் வெளிவந்தது. ஆகவே குழி எரிமலை வாயன்று. மண்ணோ எரிமலை தந்ததே.

கதை அத்துடன் முடிந்திலது. சந்திரன் நீரற்றதென்பதே நெடுங்காலக் கொள்கை. 2008 இல், அல்பேட்டோ சால் முதலிய ஆய்வாளர், அப்பலோ பயணங்களிற் கிடைத்த எரிமலைக் கண்ணாடி மணிகளில் நீரின் சுவட்டைக் கண்டனர். 2011 இல், ஷோட்டி மண்ணின் நுண்பளிங்குகளுட் சிறைப்பட்ட குழம்பிற் பத்து இலட்சத்தில் 600 முதல் 1,400 பங்கு வரை நீர் இருந்தமை அறியப்பட்டது. பழைய கொள்கை தளர்ந்தது.

எடுத்தவர் கருதியது ஒன்று. மண் உரைத்தது வேறொன்று. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அது பழுதின்றிப் பேணப்பட்டமையாலன்றோ பிற்காலக் கருவிகள் அதனைப் பேசவைத்தன? கண்டெடுப்பதோடு கடமை முடிவதில்லை. நமக்கு விளங்காததையும் வருவோர்க்காகக் காத்துவைத்தல் அறிவுலகின் பெருந்தொண்டென நாம் துணிந்து கூறுவோம்.